முறத்தில் மூன்றாம் பிடி

அத்தியாயம் 11

முறத்தில் இரண்டு குவியல்தான் இருக்க வேண்டும். நதியா வைத்த பிடி ஒன்று, அவள் புருஷன் பார்த்திபன் வைத்த பிடி ஒன்று. பக்கத்தில் மூன்றாவதாக, ஒரு குழந்தைக் கை அள்ளிய அளவுக்குச் சின்னக் குவியல் ஒன்று இருந்ததையும், அதைப் பார்த்த நதியா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டதையும் போன வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். அது போன புதன்கிழமை. இன்றும் புதன்கிழமை. இடையில் ஒரு நாள்கூட அந்தக் குவியல் தவறவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையின் இந்தக் கோடி ஊரில் உணவு வங்கி தொடங்கியபோது பெண்கள் கூடிச் செய்த முதல் ஏற்பாடு பிடி சாமை. காலையில் அடுப்பு மூட்டும் முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே ஒரு பிடி சாமையை அள்ளி முறத்தில் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் வைக்கக் கூடாது. சாயங்காலம் எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டிவைத்து, புதன்கிழமை வங்கியில் சேர்த்தால், இல்லாத வீட்டுக்கு அங்கிருந்து போகும். கைக்குழந்தைக்குப் பிடி கிடையாது. குழந்தை தானாக அள்ளத் தெரிந்துகொண்ட அன்று அதன் முதல் பிடியைப் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிடும்.

நதியாவின் மகள் பூவரசி ஒன்றே முக்கால் வயதில் முதல் பிடி வைத்தவள். பாதி முறத்தில் விழும், பாதி தரையில் விழும். தரையில் விழுந்ததைக் கோழி கொத்த வந்தால் அவளுக்குக் கோபம் வரும். இரண்டரை வயதில் போய்விட்டாள். இந்த ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது.

பதினாலு ஊருக்குச் சத்துணவுப் பாடம் நடத்துகிறவள் நதியா. அவள் பெற்ற பிள்ளை உடம்பு தேய்ந்து போயிற்று. ஊர் இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவளே அதை நாளைக்கு நூறு தடவை தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. பூவரசியின் எடைக் கார்டு கடைசி மாதம்வரை பச்சையில்தான் இருந்தது. கார்டு பச்சையில் இருக்கும் பிள்ளை எப்படித் தேயும்?

இன்று காலையும் மூன்றாவது குவியல் இருந்தது. நதியா அதன் பக்கத்தில் குந்தி மூன்று விரலால் அளந்தாள். அதே அளவு. ஒரு வாரமாகவே அதை டப்பாவில் கொட்ட மனம் வராமல் ஒரு டம்ளரில் சேர்த்து மாடத்தில் வைத்திருந்தாள். டம்ளர் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

பார்த்திபன் விடிவதற்குள் புளி மூட்டையோடு ஒடுகத்தூர் சந்தைக்குப் போய்விட்டான். அவன்தான் வைக்கிறான் என்று அவள் மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுவிடலாம். ஆனால் மகள் பெயரை இருவரும் வாயில் எடுத்து வருஷம் ஒன்றாகிறது. யார் முதலில் எடுப்பது என்பதிலேயே அந்த வீட்டில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

இன்னொரு பக்கம் மனசு வேறு மாதிரி சொன்னது. அதை அவள் கேட்காத மாதிரி இருந்தாள். வங்கி நாள் என்பதால் இரண்டு பிடியை டப்பாவிலும் மூன்றாவதை டம்ளரிலும் அப்போதே கொட்டி, முறத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டப்பாவோடு கிளம்பினாள்.

*

உணவு வங்கி என்றால் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரே அறை. ஒரு சுவரோரம் சாமை மூட்டை, இன்னொரு சுவரோரம் கேழ்வரகு. பின்பக்கம் முருங்கையும் பப்பாளியும் பையில் முளைத்து நிற்கும். வீட்டுக்கு ஐந்து கன்று, இரண்டு கோழி. கோழி அடைகாத்துப் பொரித்தால் இரண்டு குஞ்சு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இப்படியே போய் ஊரில் இன்று முட்டை இல்லாத வீடு நான்கோ ஐந்தோதான்.

சாவி வைத்திருப்பவள் சின்னக்குழந்தை. பெயர்தான் அப்படி, வயது ஐம்பத்தைந்து.

"இன்னா நதியா, கண்ணு செவந்து கீது?"

"தூக்கம் இல்லக்கா."

"தூங்காம யாருக்குக் காவல் இருக்கற?"

சின்னக்குழந்தை சும்மா கேட்டதுதான். நதியா அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினாள்.

பத்து மணிக்கு ஷஃபியுல்லாவின் டாடா ஏஸ் வந்து நின்றது. வாணியம்பாடிக் கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கி, மாதம் இரண்டு தடவை எண்ணெயும் கடலையும் மலைக்குக் கொண்டுவருகிற மனிதர். வளைவுக்கு வளைவு வண்டியைத் திட்டுவார், வண்டி கேட்டதில்லை.

"எண்ணெ ரெண்டு டின்னு, மல்லாட்டை ஒரு மூட்டை. அப்புறம் ஆபீஸ்ல இந்தக் கவரைக் குடுத்து வுட்டாங்க நதியாமா. புள்ளைங்க கையை அளக்கறதாம்."

கவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் போட்ட நாடாக்கள் இருந்தன. குழந்தையின் மேல்கையில் சுற்றி இழுத்தால் குறி எந்த நிறத்தில் நிற்கிறதோ அதுதான் குழந்தையின் நிலை. பயிற்சியில் பார்த்திருக்கிறாள். ஊருக்கு வந்து சேர்வது இன்றைக்குத்தான்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நதியா இரண்டு கிண்ணத்தில் கஞ்சி வைத்திருந்தாள். ஒன்று தண்ணீராக, ஒன்று கெட்டியாக, கடலை அரைத்துப் போட்டு, முருங்கைக்கீரை மசித்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு.

"பல்லு மொளைக்காத புள்ளைக்குத் தண்ணியா குடுத்தாத்தான் எறங்கும்னு நெனைக்கறோம். வயிறு ரொம்பிடும், ஒடம்புல ஒட்டாது. ஒரே ஒரு சோதனை. கரண்டியைச் சாய்ச்சுப் பாருங்க. வழிஞ்சா அது கஞ்சித்தண்ணி. வழியாம நின்னாத்தான் சோறு."

முதல் கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுத்துச் சாய்த்தாள்.

வழியுது, வழியுது.

மேசைக்கு அடியிலிருந்து வந்த குரல். பூவரசி இருந்தபோது அங்கேதான் உட்காருவாள். அம்மா கரண்டியைச் சாய்த்ததும் எல்லோருக்கும் முன்னால் கத்திவிடுவாள், பெண்கள் சிரிப்பார்கள். குனிந்து பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பார்த்துவிட்டாள். அங்கே மல்லாட்டை மூட்டையின் நிழல்தான் இருந்தது.

"இன்னா ஆச்சு டீச்சரம்மா?" என்று மடியில் பிள்ளையோடு முன்னால் இருந்த மஞ்சுளா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வாங்க, எடை போடலாம்."

*

வாசற்படிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள் சரிதா. பார்த்திபனின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மடியில் ஒன்பது மாத அருண்ராஜ். வகுப்புக்கு வருவாள், ஆனால் நதியா ஊற்றிக்கொடுத்த எதையும் வாயில் வைக்கமாட்டாள், பிள்ளைக்கும் கொடுக்கமாட்டாள். காரணம் நதியாவுக்குத் தெரியும். தெரிந்தும் வருஷம் முழுக்கக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த ஊரில் எடை போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழந்தை படுத்த தூளித் துணியில் இன்னொரு குழந்தையைப் படுக்கவைக்கமாட்டார்கள். தராசுக்கும் அவரவர் வீட்டுத் துணிதான். பெற்றவர்களே முடிச்சுப் போடுவார்கள், பெற்றவர்களே கொக்கியில் மாட்டுவார்கள். அந்த முடிச்சில் வேறு கை படக் கூடாது. வங்கிக்காரர்களும் எல்லாத் துணியும் ஏறக்குறைய ஒரே கனம்தானே என்று முள்ளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கு ஒத்துக்கொண்டார்கள். நதியாவின் வேலை முள்ளைப் பார்த்து எழுதுவது மட்டும்.

மஞ்சுளாவின் பிள்ளை, எட்டரை கிலோ. நாடாவைச் சுற்றினாள், பச்சை.

சரிதா முடிச்சை மாட்டினாள். முள் ஏழு கிலோ நூறில் நின்றது. பச்சையின் கரையில்தான், ஆனாலும் பச்சை.

"கையைக் காட்டு சரிதா. நாடா போட்டுப் பாக்கலாம்."

"எடைதான் சரியா கீதே."

"எல்லாப் புள்ளைக்கும் போடறேன். இவனுக்கு மட்டும் போடலன்னா நாளைக்கு நீயே கேப்ப."

சரிதா அரை மனசாகப் பிள்ளையின் கையை நீட்டிக் காட்டினாள். நதியா நாடாவைச் சுற்றி இழுத்தாள். பச்சையைத் தாண்டியது. மஞ்சளைத் தாண்டியது. சிவப்பில் போய் நின்றது.

திரும்பச் சுற்றினாள். சிவப்புதான். நாடாவில் ஏதோ கோளாறு என்று இன்னொரு நாடா எடுத்துச் சுற்றினாள். அதுவும் சிவப்பு.

அப்போதுதான் அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அதுவரை கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது சுருக்கென்று தைத்தது. கண் பெரிதாக, கன்னம் வற்றி, சத்தமே இல்லாமல் படுத்திருந்தான். இந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம்.

"சரிதா, புள்ளைய அக்கா கைல குடு. துணியை மட்டும் மாட்டு. முடிச்சை நான் தொடல, நீயே மாட்டு."

"இன்னாத்துக்கு?"

"மாட்டு சொல்றேன்."

சரிதா அசையவில்லை. சின்னக்குழந்தை எழுந்துபோய், கேட்காமலே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வெறும் துணி கொக்கியில் தொங்கியது. முள் முக்கால் கிலோவுக்குப் போய் நின்றது.

துணி எங்கேயாவது முக்கால் கிலோ இருக்குமா?

"உள்ள இன்னா வெச்சிருக்க?"

"இரும்பு." சரிதாவின் குரல் அடங்கி வந்தது. "கொழு. தேஞ்ச ஏர்க்கொழு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா அண்ணி? ஒம்பொண்ணு தனியா நிக்கறா. அந்தச் சின்ன வயசுக்குக் கூட்டு தேடாமலா இருப்பா? பக்கத்து வூட்ல எம்புள்ள. இரும்பு இருந்தா அண்டமாட்டா."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் மாடத்து டம்ளரைப் பார்த்துத் தானும் அதையேதான் நினைத்திருந்ததால், நதியாவால் கோபப்படக்கூட முடியவில்லை.

"எம்பொண்ணு பசியோட போனவ சரிதா," என்றாள். "இன்னொரு புள்ள பங்கைப் புடுங்கறவ இல்ல. தெனமும் தன் பங்கை எடுத்து வெச்சவ. அத நீயே பாத்திருக்க."

சரிதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"முக்கால் கிலோவைக் கழிச்சா இவன் ஆறு முந்நூத்தி அம்பது. இது வூட்ல வெச்சுக் கஞ்சி குடுத்துத் தேத்தற நெலம இல்ல. இப்பவே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"வரமாட்டேன். அந்த ரோட்ல வரமாட்டேன்."

எந்த ரோடு என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாள் பேதியோடு பூவரசியை ஷேர் ஆட்டோவில் இறக்கிக்கொண்டு போனபோது, ஏழாவது வளைவில்தான் அவள் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

சத்துணவுப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. மூடநம்பிக்கையை அகற்ற வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். நதியா சரிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இரும்பு அவங்கூடவே வரட்டும். முடிச்சை அவுக்க வேணாம். அங்க எடை போடற நேரத்துக்கு மட்டும் எங்கிட்ட குடு, முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறேன். வளைவுல நான் அந்த ஓரமா ஒக்காந்துக்கறேன். வந்தா எம்பொண்ணு எங்கிட்டதான் வருவா."

சரிதா பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"ஜல்தி, ஜல்தி," என்று ஷஃபியுல்லா அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்த்திபனுக்குப் போன் போட்டுச் சொல்ல சின்னக்குழந்தை சிக்னல் கிடைக்கும் பாறை மேட்டுக்கு ஓடினாள்.

*

முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவோரம் நதியா, நடுவில் சரிதா, மடியில் முடிச்சோடு அருண். கெட்டிக் கஞ்சிக் கிண்ணத்தை நதியா மூடி எடுத்துவந்திருந்தாள். மூன்றாவது வளைவில் ஒரு விரல் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். சரிதா தடுக்கவில்லை. அவன் நக்கினான். இன்னொரு விரல் வைத்தாள்.

ஆறாவது வளைவு தாண்டியதும் ஷஃபியுல்லா பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும்.

இரண்டு வருஷமாக நதியா இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். இன்று மூடவில்லை. தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் புங்கமரம், அதற்கடியில் வெயில். அவள் பேய் பிசாசை நம்பாதவள். பதினாலு ஊரில் நின்று நம்பாதீர்கள் என்று சொன்னவள். ஆனாலும் உதடு அசைந்தது.

அரசி, இவன் அத்தை பெத்த புள்ளடா. நம்ப அருண். வுட்டுடு கண்ணு.

கேட்டுவிட்டு வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. பெற்ற மகளைப் பார்த்து விட்டுவிடு என்று கேட்கிறவளும் ஒரு தாயா. சரிதா பேசியதை ஊர் கேட்டது, இது யாருக்கும் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வண்டியில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் முனகல் நின்றுபோனது. சரிதாவின் நகம் நதியாவின் கையில் பதிந்தது. இருவரும் குனிந்தார்கள். அருண் நதியாவின் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, அதில் மிச்சமிருந்த கஞ்சியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

வளைவு போய்விட்டது. நதியா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சரிதா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

*

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குழந்தையை வெறும் உடம்பாக மெஷினில் வைக்கச் சொன்னார். சரிதா முதல்முறையாக முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே துணியில் சுற்றிய கட்டி ஒன்று. அதை எடுத்து நதியாவின் கையில் கொடுத்தாள்.

"ஆறு முந்நூத்தி நாப்பது," என்றார் நர்ஸம்மா. "இப்பவாவது தூக்கியாந்தீங்களே. பதினாலு நாள் இருக்கணும். பாலு, மருந்து எல்லாம் இங்கயே. தேறிடுவான், பயப்படாதீங்க."

சரிதா சுவரில் சாய்ந்து கும்பிட்டாள். நதியாவும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் கையிலிருந்த கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்பைச் சுற்றியிருந்த துணியில் மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பூவரசியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு நதியா தன் கையால் தைத்த கவுன். அந்தக் கவுனில் மிச்சமான துண்டு இது. இதில் ஒரு தொப்பி தைக்கலாம் என்று வைத்திருந்து, பிறகு எங்கே போயிற்று என்று தேடியது நினைவிருக்கிறது.

"சரிதா, இது ஒனக்கு எப்பிடி வந்துச்சு?"

"அண்ணன்தான் குடுத்துச்சு. அருண் பொறந்த அன்னிக்கு. பூவரசிக்குக் கட்டினதுதான், அவுக்காம வெச்சுக்கன்னு."

நதியா நர்ஸம்மாவிடம் கேட்டு அந்த இரும்பை மெஷினில் வைத்தாள். எழுநூற்றைம்பது கிராம். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கார்டை எடுத்தாள். இரண்டு வருஷமாகக் கூடவே சுமக்கிறாள், திறந்ததில்லை.

அதில் ஒரு மாதம் மட்டும் கோடு குதித்து ஏறியிருந்தது. இரண்டாவது பிறந்தநாள் மாதம். அன்றைக்கு நதியா வேறு ஊரில் வகுப்பில் இருந்தாள். பார்த்திபன்தான் மகளை எடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஒரே மாதத்தில் முக்கால் கிலோ. என்ன சந்தோஷப்பட்டாள் அன்று. கடலையும் கீரையும் கொடுத்தால் இப்படித்தான் ஏறும் என்று, இதே கார்டைப் பதினாலு ஊருக்கும் எடுத்துப்போய்க் காட்டினாளே.

விரலால் அந்தக் கோட்டை முக்கால் கிலோ கீழே இறக்கிப் பார்த்தாள். ஏறவே இல்லை. அந்த மாதம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. பிறகு வந்த ஆறு மாதமும் மஞ்சளில். ஆறு மாதம். அவள் கையில் பாடமும் இருந்தது, வீட்டில் முட்டையும் இருந்தது, பார்க்கக் கண்ணும் இருந்தது. கார்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

*

ஐந்தரை மணிக்கு பார்த்திபன் பைக்கில் வந்து சேர்ந்தான். சந்தைத் தூசியோடு ஓடிவந்தவன், பெஞ்சில் அவள் பக்கத்தில் இருந்த இரும்பைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அருண் எப்பிடி கீறான்?"

"பொழைச்சுக்குவான். ஒக்காருங்க."

அவன் பெஞ்சில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தான்.

"இத எப்பக் கட்டினீங்க?"

அவன் இரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பூவரசிக்கு முன்னால் அவர்களுக்குப் பிறந்து பதினோரு நாளில் போன பிள்ளை ஒன்று உண்டு. அது வந்து இவளையும் கூப்பிட்டுவிடும் என்ற பயம் அவனை விட்டதே இல்லை. பிறந்தநாளன்று வாத்துக் கவுனில் அவளைத் தெருவே தூக்கிக் கொஞ்சியது. டீச்சரம்மா பொண்ணு, டீச்சரம்மா பொண்ணு என்று எல்லார் கண்ணும் அவள்மேல். மறுநாள் எடைக்குப் போகையில் தூளியில் இரும்பைக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து மாதாமாதம் எடைக்குத் தூக்கிப் போனதும் முடிச்சுப் போட்டதும் அவனேதான்.

"எடை ஏறிடுச்சுன்னு நீ கார்டை எடுத்து முத்தம் குடுத்தியே நதியா. அப்பச் சொல்லியிருக்கணும். அவ்ளோ சந்தோஷமா இருந்த. எனக்கு வாய் வரல."

"அவளைக் காப்பாத்தாத இரும்பை இவனுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

"காப்பாத்தாம இல்ல. அன்னிக்கு ஆட்டோவுல ஏத்தறப்போ அவசரத்துல துணியை மாத்தினேன். இரும்பு வூட்லயே நின்னுபோச்சு. அது கைல இருந்திருந்தா ஏழாவது வளைவு தாண்டியிருப்பான்னு... ரெண்டு வருசமா அத்தயே நெனச்சுக்கினு கீறேன்."

நதியாவுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரும்பு இல்லாததால் போனாள் என்று அவன் அழுதிருக்கிறான். இரும்பால் போனாள் என்று இவள் இப்போது தெரிந்துகொண்டாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு வருஷம், இரண்டு பேரும் தனித்தனியாக.

கேட்க நினைத்த கடுஞ்சொல்லை விட்டுவிட்டு, பெஞ்சிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அரசியை நெனச்சுத்தான் தெனமும் முறத்துல அவ பிடியை வெக்கறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். வருஷம் ஒன்றுக்குப் பிறகு அந்தப் பெயர் வாயில் வந்தது.

பார்த்திபன் தலையை நிமிர்த்தினான்.

"நான் இன்னாத்த வெச்சேன்?"

"மூணாவது பிடி. சின்னதா. ஒரு வாரமா."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அது நீ வெக்கறது இல்லையா?" என்றான். "நீதான் வெக்கறன்னு நெனச்சு, ஒரு வாரமா நான் என் பிடிய வெச்சுட்டு அந்தப் பக்கமே திரும்பாம வெளிய போய்க்கினு கீறேன்."

உள்ளே அருண் பாலுக்கு அழ ஆரம்பித்தான். நல்ல பலமான அழுகை. சரிதா "அண்ணி" என்று கூப்பிட்டாள். நதியா எழுந்திருக்கவில்லை.

இன்று ராத்திரி இருவரும் ஆஸ்பத்திரியில்தான். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. நாளைக் காலையில் அந்த அடுப்படியில் யாரும் இருக்கப்போவதில்லை. கழுவிக் கவிழ்த்த முறம் மட்டும்தான் இருக்கும்.